கிரைண்டர் விக்கறதப் பத்தி நீ கேட்டதுக்கு

மக்கா,

ஒனக்க லெட்டர் வந்து பத்து நாளாச்சு, ஒடனே எழுத முடியல்ல, தப்பா நெனைக்காத. இங்க ஆனிச் சாரல் விடாம பெய்யுது, ரப்பர் வெட்டு பாதி நாளு நடக்கல்ல, தேன்பெட்டி வச்சிருக்கவங்களுக்கு இது பஞ்ச மாசம், தேனீக்கு சீனிப்பாகு ஊத்திக் குடுத்துத்தான் கூட்டக் காப்பாத்தணும், நானும் குலசேகரம் பக்கம் நாலஞ்சு தோட்டத்துக்கு அலைஞ்சிட்டு இருந்தேன். அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் பரவால்ல, ஒன்ன ரொம்ப விசாரிச்சா. மூத்தவ இப்போ பிளஸ் டூ. நீ ஊருக்கு வந்து எத்தன வருசம் ஆச்சுன்னு எண்ணிப் பாரு, கன்னியாகுமரில வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலமே போட்டாச்சு, 77 மீட்டர், 2024 டிசம்பர் கடைசில தொறந்தாங்க, பிள்ளைகள ஒரு தடவ கூட்டிட்டு வா.

சரி விஷயத்துக்கு வாறேன். கோயம்புத்தூர்ல ஒங்க கம்பெனில கிரைண்டர் தேங்கிக் கெடக்கு, ஒரு பார்ட்னர் வெலையக் கொறச்சு நெறய அடிச்சு விடலாம்ங்கான், இன்னொருத்தன் டைமர் வச்ச புது மாடல் போடலாம்ங்கான், மூணாவது ஆளு பத்து சேல்ஸ்மேன எடுத்து டார்கெட் போடலாம்ங்கான், கன்சல்டன்ட் வந்து உற்பத்தி, பொருள், விற்பன, மார்க்கெட்டிங், சமூகம்னு அஞ்சு வழி சொல்லி எது வேணும்னு தேர்ந்தெடுங்கன்னுட்டுப் போய்ட்டாரு, நான் எதுக்குக் கை தூக்கன்னு கேட்டிருக்க. நான் தேன் யாவாரத்துல இந்த அஞ்சு வழிலயும் நடந்து பாத்தவன், அதனால எனக்குப் பட்டத அப்படியே எழுதுறேன்.

மொத ரெண்டு வருசம் எனக்கு உற்பத்தி ஒண்ணுதான் கவல. நம்ம மார்த்தாண்டம் தேனுக்கு ஆளு தேடிப் போக வேண்டாம், ஜனவரில இருந்து மார்ச், ஏப்ரல் வர ரப்பர் கொழுந்து விடும்போது எலக்காம்புல ஊறுற இனிப்புத் தண்ணியத்தான் தேனீ எடுக்கும், அந்த மூணு மாசத்துல எவ்வளவு புடிச்சு வைக்கமோ அவ்வளவும் போயிரும். சரக்கு கம்மி, கேக்குற ஆளு ஜாஸ்தின்னா உற்பத்திய மட்டும் பாக்கறது ஒண்ணும் தப்பு இல்ல கேட்டியா. அமெரிக்காவுல கார் கம்பெனி வச்ச ஹென்றி ஃபோர்டு அதத்தான செஞ்சாரு. 1908-ல மாடல் டி கார் வரும்போது வெல 850 டாலர், 1913-ல நகருற அசெம்பிளி லைன் போட்டு, ஒரு கார் பூட்டுறதுக்கு 12 மணி நேரத்துக்கு மேல ஆனத ஒன்றர மணி நேரத்துக்குக் கொண்டு வந்து, 1925 வாக்குல வெலைய 260 டாலர் வர எறக்கிட்டாரு. ஆனா சனத்துக்கு கையில கார் வந்த பெறகு அவங்களுக்கு வேற ஆச வந்துட்டு, கலர் வேணும், கொஞ்சம் சொகுசு வேணும், போட்டிக் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு காருன்னு எறக்குது, இவரு 1914-ல இருந்து பத்துப் பன்னெண்டு வருசம் கறுப்பு மட்டுந்தான் குடுத்தாரு. ஒன்றரக் கோடி கார் வித்த மாடல 1927-ல நிறுத்த வேண்டியதாப் போச்சு. ஒங்க பார்ட்னர் வெலையக் கொறைக்கணும்னு சொல்லும்போது இத யோசி, ஒங்க சரக்கு வெல கூடுதலா இருக்கதுனாலயா தேங்கிக் கெடக்கு? அது தெரியாம கொறச்சா கைக்காசுதான் போகும்.

அடுத்து நான் பொருள்ல விழுந்தேன். தேன்ல ஈரத்தக் கொறைக்க மெஷின், நல்ல ஃபில்டர், கனமான கண்ணாடி பாட்டில், நம்ம தேன் மாதிரி ஒரு தேன் உண்டான்னு ஒரு நெனப்பு. தேனு உண்மையிலேயே கொள்ளாம் மக்கா, அதுல இப்பவும் எனக்கு சந்தேகமில்ல. ஆனா மார்கழில சென்னைக் கடைல இருந்து பெட்டி பெட்டியா திரும்பி வருது, அடில வெள்ளையா சீனி மாதிரி கட்டி, கலப்படம்னு எழுதி அனுப்பியிருக்கான். தேன் உறையறது அதுக்க இயல்பு, நல்ல தேனும் உறையும், இது எனக்குத் தெரியும், தேன்பெட்டி வச்சிருக்கவனுக்குத் தெரியும், காசு குடுத்து வாங்குன அந்த அம்மாவுக்குத் தெரியாதே. அத சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல.

பெறகு ரெண்டு பையன்மார சேல்ஸுக்குப் போட்டேன். இதப் பத்தி ரொம்ப எழுத மனசு வரல்ல. களியக்காவிளைல இருந்து நாகர்கோவில் வர கடை கடையா தள்ளுனானுவ, மாசக் கடைசில கணக்கு நல்லா தெரியும், கடக்காரன் கடனுக்கு எடுத்து மூலைல வச்சிருப்பான், மூணு மாசம் கழிச்சு தூசியோட திரும்பி வரும், பாவம் அந்தப் பையன்மாரும் கெஞ்சிக் கெஞ்சி ஓஞ்சு போனானுவ. கடைல ஏறுனது விற்பன இல்ல மக்கா, வீட்டுல தீந்து அடுத்த பாட்டில் எடுக்க வந்தாத்தான் விற்பன.

எனக்குக் கண்ணு தொறந்தது வடசேரில சித்தி வீட்டுல. சாயா போடப் போனவ பின்னால நானும் அடுக்களைக்குப் போனேன், எனக்க பாட்டில் ஒரு எவர்சில்வர் தட்டுல தண்ணி ஊத்தி அதுக்கு நடுவுல இருக்கு. எறும்பு. ஒவ்வொரு தடவ சரிக்கும்போதும் கழுத்து வழியா வடிஞ்சு லேபிள் எல்லாம் பிசுபிசுன்னு, மூடி ஒட்டிப் போயி துணி வச்சுத் திருகுறா. இன்னொரு பாட்டில் ஃப்ரிட்ஜுல, கெட்டுப் போகாம இருக்கட்டும்னு வச்சிருக்கா, தேன ஃப்ரிட்ஜுல வச்சா சீக்கிரம் உறையும், அது கல்லு மாதிரி கெடக்கு, ஸ்பூன் காம்ப வச்சு குத்திக் குத்தி எடுக்கா. நீ குடுத்ததாச்சேன்னு தூரப் போடாம வச்சிருக்கேன் மக்களேன்னு சொன்னா. எனக்கு நெஞ்சு அடச்சுப் போச்சு. மெஷினுக்கு அவ்வளவு பைசா போட்டேன், ஒரு வீட்டு அடுக்களைல போயி நின்னு பாக்கல்ல.

அதுக்கப்புறம் சொந்தம், தெரிஞ்சவங்கன்னு ஒரு இருவது வீட்டுக்குப் போனேன், முக்காவாசி இதே கததான். நான் மாத்துனது ரொம்பக் கொஞ்சம். அமுக்குனா வாற பிளாஸ்டிக் பாட்டில், வடியாத மூடி, சின்ன அளவு ஒண்ணு, லேபிள்ல பெரிய எழுத்துல ‘ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், உறைந்தால் கை பொறுக்கும் வெந்நீரில் வையுங்கள், இளகிவிடும்’. அந்த மெஷினுக்குப் போட்டதுல கால்வாசி கூட செலவாகல்ல. திரும்பி வாறது நின்னுது, பழைய ஆளுகளே மறுபடி கேக்க ஆரம்பிச்சாங்க. கன்சல்டன்ட் சொன்ன நாலாவது வழி, மார்க்கெட்டிங், அது இதுதான் மக்கா, வாங்குறவங்களுக்கு என்ன வேணும்னு மொதல்ல பாக்கறது.

அஞ்சாவதா கன்சல்டன்ட் சொன்னாருல்ல சமூகம்னு, அத ஒரு அலங்காரமா நெனச்சிராத. நம்ம பக்கம் பெறந்த பிள்ளைக்கு நாக்குல தேன் தொட்டு வைக்கிற வழக்கம் உண்டு, ஒரு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு தேன் குடுக்கக்கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்தக் கொடலுக்கு ஆபத்து, டாக்டர்மார் எல்லாரும் சொல்லுறதுதான். நான் அத லேபிள்ல போட்டப்போ யாவாரம் போயிரும்னு வீட்டுலயே சண்ட. போட்டேன். பெட்டிக்காரங்க விஷயமும் அப்படித்தான், 1990-கள் தொடக்கத்துல நோய் வந்து இங்க கூடுகள் கூட்டங்கூட்டமா அழிஞ்சத அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன், பஞ்ச மாசத்துல அவங்களுக்கு சீனி வாங்க அட்வான்ஸ் குடுக்கல்லன்னா அடுத்த ஜனவரில எனக்குத் தேன் எங்க இருந்து வரும்?

ஒனக்க கிரைண்டருக்கு வாறேன். எனக்கு என்ன தோணுதுன்னா, ஒங்க போட்டி பக்கத்துக் கம்பெனி கிரைண்டர் இல்ல, கடைல ஃப்ரிட்ஜுல இருக்க பாக்கெட் மாவு. அந்த வீட்டுக்கு வேண்டியது நாளைக்குக் காலைல இட்லி, தோச, கல்லும் மோட்டாரும் இல்ல. தியோடர் லெவிட்னு ஹார்வர்டுல இருந்த பேராசிரியர் 1960-லயே அமெரிக்க ரயில் கம்பெனிகளப் பத்தி இதத்தான் எழுதினாரு, நாம ஓட்டுறது ரயிலுன்னு நெனச்சானுவ, சனத்துக்கு வேண்டியது போக்குவரத்துன்னு பாக்கல்ல, அதனால காரும் லாரியும் பிளேனும் ஆள எடுத்துட்டுப் போயிட்டு. நம்ம கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-ல 15,000 ரூவாயோட ஷாம்பூ யாவாரம் தொடங்குனாரு, பெரிய பாட்டில் வாங்க முடியாத வீட்டுல தல குளிக்க எவ்வளவு காசு ஒதுக்குவாங்கன்னு பாத்து சிக் ஷாம்பூவ சின்ன பாக்கெட்டுல குடுத்தாரு, பின்னால அம்பது பைசாவுக்கே குடுத்தாரு.

அதனால கூட்டத்துல எதுக்கும் கை தூக்காத. ரெண்டு வருசம் முன்னாடி ஒங்க கிரைண்டர் வாங்குன பத்து வீட்டு அட்ரஸ எடு, சனிக்கெழம சாயங்காலம் மாவாட்டுற நேரத்துக்குப் போ. கேள்வி கேக்காத, பாரு. கல்லத் தூக்கிக் கழுவும்போது யாரு தூக்குறா, அந்த எடுப்புல இடுப்பப் புடிக்காளா, இடுக்குல ஒட்டுன மாவ எதால வழிக்கா, கிரைண்டர் அடுக்களைலயே இருக்கா, பரண்ல ஏத்தியாச்சா, சிங்க்குக்கு அடில பாக்கெட் மாவுக் கவர் கெடக்கா. பார்ட்னர்மார்ல ஒருத்தனயாவது கூட்டிட்டுப் போ, அந்த டைமர் வேணும்ங்கிற ஆள கூட்டிட்டுப் போறது நல்லது. பரண்ல கெடக்குன்னா பத்து சேல்ஸ்மேன் போட்டும் பிரயோசனமில்ல, அப்போ முதல்ல பாரத்தயும் கழுவுற பாட்டயும் கொறைங்க. தெனமும் ஓடுதுன்னா வேற கத, அப்போ அந்த வீட்டுக்காரிய விட நல்ல சேல்ஸ்மேன் ஒனக்குக் கெடைக்கப் போறதில்ல.

பாத்தத ஒரு நோட்டுல எழுதி வை, ஓணம் லீவுக்கு வரும்போது கொண்டு வா, உக்காந்து பாப்போம். மட்டிப்பழம் கொல ஒண்ணு தோட்டத்துல மூத்துட்டு வருது, ஒனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன், அதுக்குள்ள வந்துரு.

ஒனக்க,
பழைய பெஞ்சுக்காரன்
மார்த்தாண்டம்