பென்சில் பெட்டியில் வந்த பாம்புச் சட்டை

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் அறைக்கு வந்து, பென்சில் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்து வைத்திருந்த ஒரு பாம்புச் சட்டையை மேசைமேல் விரித்தான். தலைப்பகுதிகூடக் கிழியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண் இருந்த இடத்தில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் செதிலும் தோலோடு சேர்ந்தே உரிந்துவிடும் என்று சொன்னதும் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். "எங்க தோட்டத்துல, செங்கல் அடுக்குக்குள்ள கைய விட்டு எடுத்தேன் டீச்சர்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அவனை நான் திட்டவில்லை, நீங்களும் திட்டாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகிறது, பகலில் ஒளிந்துகொள்ள நிழலும் இடுக்கும் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே முதலில் பார்க்கவேண்டியது எலியைத்தான். நாய்க்கு வைத்த சாப்பாட்டை ராத்திரி முழுக்க வெளியே விடுவது, மூடியில்லாத குப்பைத் தொட்டி, கோழிக்கூட்டுக்குக் கீழே சிந்திய தீவனம், இவையெல்லாம் எலிக்கு விருந்து, எலி வந்த வழியிலேயே பாம்பும் வரும். அப்புறம் மறைவிடங்கள். செங்கல், விறகு, பழைய ஓடு, "என்றைக்காவது உதவும்" என்று சுவரோரம் சாய்த்து வைத்த பலகை எல்லாவற்றையும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள். அவற்றை எடுக்கும்போது முதலில் நீளக் கம்பால் தட்டி நகர்த்துங்கள், இந்த வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். புல்லைக் குட்டையாக வெட்டி வையுங்கள், கூரையைத் தொடும் கிளைகளையும் கழித்துவிடுங்கள்.

வீட்டுக்குள் வரும் வழிகளை ஒரு நாள் உட்கார்ந்து, நிஜமாகவே தரையில் உட்கார்ந்து, பாருங்கள். கதவுக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் நுழைந்தால் பாம்புக்குட்டியும் நுழையும். கழிவுநீர்க் குழாய்க்கு நெருக்கமான கம்பிவலை, கதவடிக்கு ரப்பர் பட்டை, சுவர் வெடிப்புக்குச் சிமெண்ட் போதும்.

பாச்சை உருண்டை, கந்தகத்தூள், கார்பாலிக் அமிலம் எதையும் பாம்புக்காகத் தெளிக்க வேண்டாம். பாச்சை உருண்டையையும் கந்தகத்தையும் சோதித்துப் பார்த்ததில் பாம்புகள் அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் மிட்டாய் மாதிரி இருக்கும் அந்த உருண்டையைச் சின்னக் குழந்தை விழுங்கினால் விஷம், கார்பாலிக் அமிலமோ தோலைப் பொசுக்கிவிடும். பாம்பு வராமல் இருக்க வைத்தது பிள்ளைக்கு ஆபத்தாக முடிவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் பாம்பைப் பார்த்துவிட்டால் எல்லோரும் பின்வாங்கிவிடுங்கள், ஒருவர் மட்டும் தூரத்திலிருந்து அது எங்கே போகிறது என்று கண் வைத்திருக்கட்டும், பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். அந்த எண்ணை இன்றைக்கே போனில் போட்டு வையுங்கள். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறைய. செத்த பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும்.

இப்போது திட்டக்கூடாது என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுக்க ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். காப்பாற்றும் மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போய்ச் சேரவேண்டும். கட்டுவிரியன் மாதிரி சில பாம்புகள் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது, எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும். "அங்கே ஏன் போனாய்" என்று அடி விழும் என்று பயந்த பிள்ளை வாயைத் திறக்காது, அதில் போகிற ஒரு மணி நேரம் திரும்ப வராது. எது நடந்தாலும் உடனே சொல்லலாம், யாரும் திட்டமாட்டோம் என்று அவர்களிடம் இன்று இரவே சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், ஷூவைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகவேண்டிய அவசியம் இல்லை.

பள்ளியிலும் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் குவிந்து கிடந்தன, அடியில் எலி வளை இருந்தது. அது எங்கள் தவறு. வளையை அடைத்துவிட்டோம், மீதியை வரும் சனிக்கிழமை காலை அப்புறப்படுத்துகிறோம். வர முடிந்த பெற்றோர் கனமான ஷூவும் கையுறையும் போட்டு வாருங்கள், பிள்ளைகள் மட்டும் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்