உயிரோடிருப்பவருக்கு ஒரு நன்றி நவிலல்

"நன்றி நவிலல்" என்று போட்டால் எங்கள் ஊரில் முப்பத்தோராம் நாள்தான் ஞாபகத்துக்கு வரும். பதற வேண்டாம். அப்பா உப்புவெளி வீட்டு முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருக்கிறார்.

முதல் நன்றி, அப்பாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தவுடனேயே "மண்ணீரல் வீங்கியிருக்கு" என்று சொன்ன கிளினிக் டொக்டருக்கு. நாங்கள் வாயு என்று நினைத்து மூன்று மாதம் உள்ளி அவித்துக் கொடுத்திருந்தோம். 11,000க்குள் இருக்க வேண்டிய வெண்குழியம் 180,000. இரத்தம் கொழும்புக்குப் போய், நாட்பட்ட மைலோயிட் லியூக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் என்று றிப்போட் வந்தது. 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், துண்டு மாறியிருக்கின்றனவாம்.

தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. "தகப்பனுக்கு நிறமூர்த்தத்தில பிழையாம்" என்ற கதை எங்களுக்கு முன்னரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிறமூர்த்தம் என்றால் பரம்பரை, பரம்பரை என்றால் பிள்ளைகளுக்கும் வரும் என்பது சனத்தின் கணக்கு. உண்மையைச் சொன்னால் என் கணக்கும் அதுதான்.

அதைத் திருத்தியவர் தங்கச்சிக்கு உயர்தரத்தில் உயிரியல் படிப்பித்த சேர். அப்பாவுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒரு நீலக் கயிற்றையும் பச்சைக் கயிற்றையும் அறுத்து, நுனிகளை மாற்றி முடிந்தார். "ஐயா, இந்த முடிச்சிலதான் பிசிஆர் (BCR), ஏபிஎல் (ABL) எண்டு ரெண்டு ஜீன் ஒட்டிப்போச்சு. அதிலயிருந்து வாற புரதம் அக்சிலேட்டர் இறுகின இஞ்சின் மாதிரி. நிக்காமல் குழியத்தைப் பெருக்கும். ஆனால் இது உங்கட என்பு மச்சையில, ஒரேயொரு தாய்க்குழியத்தில, பிறந்து கனகாலத்துக்குப் பிறகு நடந்தது. பிள்ளையளுக்குப் போகாது." அப்பா முடிச்சை இழுத்துப் பார்த்து, "கட்டினவன் நல்லாத்தான் கட்டியிருக்கிறான்" என்றார். அதே கயிறுகளோடு சேர் மாப்பிள்ளையின் தாயாரிடமும் போனார். வைகாசியில் கல்யாணம் நடந்தது. சேர், இதற்கு என்ன சொல்ல!

அவர் வாயால்தான் ஜனட் ரௌலி என்ற விஞ்ஞானியின் பெயரையும் கேட்டேன். இந்த நோயில் ஒரு நிறமூர்த்தம் குட்டையாக இருப்பதை 1960இலேயே பிலடெல்பியாவில் கண்டுவிட்டார்கள். அந்த 22ஆவதில் காணாமற்போன துண்டு 9இல் ஒட்டியிருக்கிறது என்பதை 1973இல் சொன்னவர் சிக்காகோவைச் சேர்ந்த இந்த அம்மா. நிறமூர்த்தப் படங்களை வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடுக்கிப் பார்ப்பாராம். இன்று அவர் இல்லை. அவருக்கும் நன்றி.

அந்தப் புரதத்துக்குச் சக்தி ஏறுகிற பொந்திலேயே போய் அடைத்துக்கொள்கிற இமாற்றினிப் என்ற மாத்திரை, 2001இல்தான் பாவனைக்கு வந்தது. அப்பா தினமும் சோற்றுக்குப் பிறகு ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்குகிறார். கண்மடல் வீங்கும், இரவில் கெண்டைக்கால் பிடிக்கும். அதற்கு அவர் கடலைத்தான் ஏசுவார். கடைசிப் பரிசோதனையில் அந்த ஒட்டு ஜீன் 0.1 வீதத்துக்கும் கீழே; மருந்து நன்றாக வேலை செய்கிறதாம்.

மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மொழி தெரியாமல் நின்ற எங்களுக்குத் தமிழில் துண்டு எழுதித் தந்த சிங்கள மிஸ்ஸி, வெள்ளவத்தையில் பாய் விரித்துத் தந்த மாமி, இரவு ரயிலில் தன் சீற்றை அப்பாவுக்கு விட்டு ஹபரணை வரை நின்றுகொண்டே வந்த தம்பி, எல்லாருக்கும் நன்றி.

பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்த கரியர் இரண்டு இன்னும் எங்கள் குசினியில் இருக்கின்றன. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. யாருடையதென்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.