ஹர்ஷாவுக்கு முன்னாடியே துர்கா வந்தாச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வார இணைப்புல டெஸ்ட் ட்யூப் பேபி பத்தின கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா இந்தியாவோட முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை 1986 ஆகஸ்ட்ல மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரில பொறந்த ஹர்ஷான்னு ஒரே வரில முடிச்சுட்டீங்களே, அதான் மனசு கேக்கல. ஐவிஎஃப், அதாவது முட்டையையும் விந்தையும் உடம்புக்கு வெளியில சேர்த்து கரு உண்டாக்குற டெஸ்ட் ட்யூப் முறை, அந்த லேப்ல பதினோரு வருஷமா வேலை பாக்குறவன் நான்.

1978 அக்டோபர் 3-ம் தேதி கல்கத்தால துர்கான்னு ஒரு டெஸ்ட் ட்யூப் குழந்தை பொறந்தாச்சு சார். இங்கிலாந்துல உலகத்தோட முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை லூயிஸ் பிரவுன் பொறந்து மூணு மாசம்கூட ஆகல. செஞ்சவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், எடின்பரோல ரெண்டாவது பிஎச்டி வாங்கிட்டு ஊர் திரும்பினவரு. கூட சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாசார்யான்னு ரெண்டு பேர். லூயிஸ் விஷயத்துல ஊசியே போடாம அந்த மாசம் தானா வளர்ந்த ஒத்த முட்டையத்தான் எடுத்தாங்க, இவரோ ஹார்மோன் ஊசி போட்டு நிறைய முட்டை வளரவச்சு, கருவ ஃப்ரீஸ் பண்ணி, வேற ஒரு மாசம் கர்ப்பப்பை ரெடியா இருக்கப்ப உள்ள வச்சாரு. இன்னைக்கு எங்க லேப்ல தினமும் நடக்குறது கிட்டத்தட்ட இதேதான், ஃப்ரீஸ் பண்ற விதம் மட்டும் மாறிடுச்சு. ஆஸ்திரேலியால உறைஞ்ச கருவுல இருந்து ஸோயின்னு ஒரு குழந்தை பொறந்து உலகமே பேசினது 1984-லதான்.

இவருக்கு என்ன கிடைச்சுது? மாநில அரசு ஒரு கமிட்டி போட்டு எல்லாம் பொய்யுன்னு சொல்லிடுச்சு, ஜப்பான்ல பேச கூப்பிட்டாங்க, போக விடல, கடைசில கண் ஆஸ்பத்திரிக்கு டிரான்ஸ்ஃபர். ஹார்மோன் ஆராய்ச்சி பண்ற மனுஷனுக்கு கண்ணுல என்ன வேலைங்க? 1981 ஜூன் 19 அன்னைக்கு தன் உயிரை தானே மாய்ச்சுக்கிட்டாரு.

நான் இவ்வளவு நீட்டி எழுதுறது இன்னொருத்தருக்காக. டி.சி.ஆனந்த்குமார். எய்ம்ஸ்ல இருந்தப்ப குரங்குகளுக்கு மூக்கு வழியா ஹார்மோன் ஸ்ப்ரே பண்ணி ஆராய்ச்சி பண்ணினவரு, அப்புறம் மும்பை பரேல்ல இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்துக்கு டைரக்டரா வந்து, டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோட சேர்ந்து ஹர்ஷாவ கொண்டுவந்தது இவர் டீம்தான். அதாவது "முதல்" பட்டம் இவருடையது. 1997-ல கல்கத்தா போனப்ப சுபாஷோட கையெழுத்து குறிப்புகள் இவர் கைக்கு வந்துச்சு, உக்காந்து படிச்சாரு, துர்காவோட அப்பா அம்மாகிட்டயும் பேசினாரு, அப்புறம் கரன்ட் சயின்ஸ்ங்கிற அறிவியல் இதழ்ல முதல்ல செஞ்சது நான் இல்ல, அவருதான்னு எழுதிட்டாரு! செத்துப்போய் பதினாறு வருஷம் ஆன ஒருத்தருக்காக தன்னோட பட்டத்தை தானே கழட்டி கொடுத்த ஆள் சார் இவரு. எங்க ஃபீல்டுல அடுத்த தெரு கிளினிக்கோட சக்சஸ் ரேட்டையே யாரும் நம்பமாட்டோம், அது வேற கதை.

அதுக்கப்புறம்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆரும் சுபாஷ் பேரை ஏத்துக்கிச்சு. ஆனந்த்குமார் 2010-ல காலமாயிட்டாரு.

ஹர்ஷா பத்தி எழுதினது தப்பு இல்ல, முறையா பதிவான முதல் குழந்தைன்னு போட்டிருந்தா சரியா இருந்திருக்கும். அடுத்த இதழ்ல ஒரு சின்ன திருத்தம் போடுங்க, சுபாஷ், ஆனந்த்குமார் ரெண்டு பேர் பேரும் வரணும், ஸ்பெல்லிங் வேணும்னா கேளுங்க அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
கோயம்புத்தூர்