பசுமை ஹைட்ரஜன் திட்டத்துல வெயிலோட சூட்டுக்கும் ஒரு இடம் குடுங்க

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

2023 ஜனவரில 19,744 கோடிக்கு பசுமை ஹைட்ரஜன் திட்டத்த அறிவிச்சீங்க, நல்ல விஷயம்தான், ஆனா அதுல 17,490 கோடி எலக்ட்ரோலைசர் (கரன்ட் விட்டு தண்ணியப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கற மெஷின்) செய்யறவங்களுக்கும் ஹைட்ரஜன் தயாரிக்கறவங்களுக்கும் ஊக்கத்தொகை, ஆராய்ச்சிக்கு வெறும் 400 கோடி. அந்த 400லயே ஒரு துண்டு, கரன்ட் இல்லாம நேரா வெயில் சூட்டுல எரிபொருள் பண்ற வேலைக்கு வேணும்னுதான் எழுதறேன்.

மாட்ரிட் பக்கத்துல மோஸ்தோலெஸ்ல சுவிட்சர்லாந்தோட ஈடிஹெச் சூரிச் பல்கலைக்கழக ஆளுங்க பண்ணதையே எடுத்துக்கோங்க. 169 கண்ணாடி வெயில ஒரு டவர் உச்சிக்கு திருப்புது, அங்க ரியாக்டருக்குள்ள ஓட்டை ஓட்டையா சீரியம் ஆக்ஸைடு, அதாவது சீரியம்ங்கற உலோகமும் ஆக்ஸிஜனும் சேந்தது. 1500 டிகிரிக்கு சூடேறினா அது கொஞ்சம் ஆக்ஸிஜன விட்டுடும், அப்புறம் சூட்ட குறைச்சு நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் விட்டா, போன ஆக்ஸிஜன அதுங்ககிட்டேருந்து புடுங்கிக்கும், கடைசில நிக்கறது ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும். அதுலேருந்து விமானத்துக்கு ஊத்தற கெரசின் வரைக்கும் பண்ணி 2022ல பேப்பரும் போட்டாங்க. சீரியம் தீந்தும் போகாது, திரும்ப திரும்ப அதே வேலைதான்.

எஃபிஷியன்சி, அதாவது உள்ள வர்ற வெயில் சக்தில அந்த வாயுவுக்குள்ள தங்கறது, 4.1 சதவீதம்தான். கம்மிதான், மறைக்கல. ஒவ்வொரு தடவையும் சூடாக்கி ஆறவிடும்போது போற சூட்ட பிடிக்கறதுதான் இதுல பெரிய தலவலி, நம்ம ஐஐடி பசங்களுக்கு அத குடுத்துப் பாருங்களேன்.

கண்ணாடி வேல நமக்கு புதுசும் இல்ல, ராஜஸ்தான்ல மவுண்ட் அபு பக்கத்துல 770 கண்ணாடி டிஷ் வச்சு நீராவி எடுத்து கரன்ட் பண்றாங்க. சீரியமும் நம்ம கடற்கரைல கிடைக்கற மோனசைட்ங்கற தாது மணல்லயே இருக்கு, எல்லாரும் அதுல இருக்கற, காந்தம் பண்ண உதவற நியோடிமியத்துக்குத்தான் அலையறாங்க, கூட வர்ற சீரியத்துக்கு அவ்ளோ கிராக்கி இல்ல.

தமிழ்நாட்டுல வைங்கன்னு கேக்க மாட்டேன். இதுக்கு நேர் வெயில் வேணும், கடலோரத்துல காத்துல ஈரமும் மங்கலும் ஜாஸ்தி, ராஜஸ்தான்தான் சரி. ஆனா அங்க தூசி, கண்ணாடி கழுவ தண்ணி வேணும், அதுக்கு எவ்ளோ ஆகும்னும் சேத்து அளக்கணும்.

2027ல வெளிநாட்டு விமானங்களுக்கு 1 சதவீதம் பசுமை எரிபொருள், 2030ல 5ன்னு அரசாங்கமே இலக்கு வச்சிருக்கு. நீண்ட தூர விமானத்த பேட்டரில ஓட்ட முடியாது, டேங்க்ல ஊத்தி வைக்கற எரிபொருள்தான் வேணும்.

50 கிலோவாட் அளவுல ஒரே ஒரு சோதனை டவர் போடுங்க, ஓடினாலும் ஓடலன்னாலும் மாசா மாசம் டேட்டாவ பொதுவுல போடுங்க.

இப்படிக்கு,
வரி கட்டற ஒருத்தன்