வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே போகிறாய் என்று கேட்டாயே

மில்வாக்கி, விஸ்கான்சின்
பிப்ரவரி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா, பசங்க, அம்மா எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பார்சல் வந்து சேர்ந்தது. வடகம் ஒன்றுகூட நொறுங்கவில்லை. இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை, ஏரிக்கரை ஓரமெல்லாம் பனிக்கட்டி. காதை மூடித்தான் வெளியே போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

போனில் நீ கேட்டபோது அம்மா பக்கத்தில் இருந்ததால் முழுசாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி நாலைந்து பேரோடு உட்கார்ந்து பகடை உருட்டுகிறேன் என்றதும் சூதாட்டமோ என்று பயந்துவிட்டாய். காசு வைக்கிற ஆட்டமில்லை அக்கா. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ‘முன்னால் பாலம், பாலத்தில் காவல்காரன், என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்பார். சண்டை போடலாம், பேசி மயக்கலாம், ஆற்றில் குதிக்கலாம். பலித்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி 1974-ல் வெளிவந்தது. வெளியிட்ட ஊரான லேக் ஜெனீவா இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்தான்.

ஆனால் நான் வாராவாரம் போவதற்குக் காரணம் பூதமும் டிராகனும் இல்லை. எங்கள் மேஜையில் ஒருத்தி இருக்கிறாள். பெயரை நான் எழுதக்கூடாது, அது அவள் சொல்ல வேண்டியது. நான் சேர்ந்த புதிதில் வீட்டிலும் வேலையிலும் அவளை ஆண் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆட்டத்தில் மட்டும் வாளெடுத்த ஒரு வீரப்பெண். ஆட்டத்தின்போது பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். வாரம் மூன்று நாலு மணி நேரம் எங்களுக்கு அவள் பெண். ஒரு நாள் ஆட்டம் முடிந்து எல்லாரும் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, “இனிமேல் ஆட்டம் முடிஞ்ச பிறகும் என்னை அப்படியே கூப்பிடுவீங்களா?” என்று கேட்டாள். காலி பீட்சா டப்பாவை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “சரி, என்ன பேரு?” என்றார். அவள் சொன்னாள். இன்னொருவர் பென்சிலை எடுத்துத் தன் தாளில் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்று வீட்டுக்கு வந்து எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

தனியாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொள்வது வேறு, நாலு பேர் அதை ஏற்றுக்கொண்டு பதில் பேசுவது வேறு என்று பிறகொரு நாள் சொன்னாள். அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருப்பது எனக்குப் பெரிய விஷயம் அக்கா.

இந்த ஆட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. நாங்கள் விளையாடும் கடையில் பழைய புத்தகங்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. 1978-ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைப் புரட்டினால் ஓர் அட்டவணை வரும். பாத்திரத்தின் பலத்துக்கு மூன்றிலிருந்து பதினெட்டு வரை மதிப்பு. போர்வீரருக்குப் பதினெட்டு விழுந்தால், இன்னொரு முறை உருட்டி அதற்கு மேல் நூறு வரை ஏறலாம். மனித ஆணுக்கு அந்த நூறு முழுசாக உண்டு. மனிதப் பெண்ணுக்கு ஐம்பதோடு சரி. எல்ஃப் என்றொரு இனம். அதில் ஆணுக்குப் பதினெட்டைத் தாண்டி எழுபத்தைந்து வரை, பெண்ணுக்குப் பதினாறிலேயே முற்றுப்புள்ளி. குறைத்ததற்கு ஈடாக வேறு எதையும் கூட்டித் தரவில்லை. வீரப்பெண்ணாக விளையாட ஆசைப்பட்டவள் அதற்கு அபராதம் கட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அந்த அட்டவணை போனது.

1979-ல் ஆட்டம் நடத்துபவருக்கென்று வந்த புத்தகத்தில் ஒரு மந்திரக் கச்சை வருகிறது. இடுப்பில் கட்டினால் ஆண் பெண்ணாகிவிடுவான், பெண் ஆணாகிவிடுவாள். சாபம் பிடித்த பொருள்களின் வரிசையில் அதை வைத்திருக்கிறார்கள். யாராவது தெரியாமல் கட்டிக்கொண்டால் மேஜையே சிரிக்கும். நான் சொன்னேனே, அந்தத் தோழி சின்ன வயதில் சித்தப்பாவின் பழைய புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு, அப்படியொன்று தனக்குக் கிடைக்காதா என்று ராத்திரி ராத்திரி ஏங்கியிருக்கிறாள். மற்றவர்களுக்குத் தண்டனையாகத் தெரிந்தது அவளுக்கு வரமாகத் தெரிந்திருக்கிறது.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு நம் ஊர் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாதான் கண்முன் வந்தது. பாரதத்தில் விராட பர்வம் சொல்லும்போது பிருகன்னளை வருவாளே! ஆண்தன்மை போகட்டும் என்று ஊர்வசி இட்ட சாபம்தான் அர்ச்சுனனைப் பிருகன்னளையாக்கி, மறைந்து வாழும் வருஷத்தில் கைகொடுத்தது. அவளிடம் அந்தக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “வருஷம் முடிஞ்சதும் அவர் பழையபடி ஆயிட்டாரா?” என்றாள். ஆமாம் என்றேன். “எனக்குத் திரும்பிப் போக வேண்டாம்” என்றாள்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், பாத்திரத்தை ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடைக்க வேண்டியதில்லை, யார் மேல் நாட்டம் என்பதும் விளையாடுபவர் முடிவு என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். 2018-ல் வந்த இன்னொரு புத்தகத்தில், எல்ஃப்களின் தெய்வமான கோரெலானின் அருள் பெற்றவர்கள் இரவு ஓய்ந்து எழும்போது தாங்கள் விரும்பிய பாலினத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கு முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சாபமாக இருந்த அதே மாற்றம் தெய்வத்தின் அருளாகிவிட்டது. அந்தப் பக்கத்தை அவள் போனில் படமெடுத்து வைத்திருக்கிறாள்.

எங்கள் மேஜையில் வயதான ஒருவரும் உண்டு. அவருடைய பாத்திரம் ஓர் ஆண் படைத்தளபதி. எந்த ஊரில் தங்கினாலும் வீட்டிலிருக்கும் தன் கணவனுக்குக் கடிதம் எழுதுவார். யாரும் அதை ஒரு சங்கதியாகவே எடுப்பதில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்போம். இளம் வயதில் அதே தளபதியைக் கல்யாணமே ஆகாதவனாக வைத்து விளையாடினாராம். அப்போதெல்லாம் வேறு எப்படியும் முடியாது என்றார். அவருக்கு நிஜத்திலும் துணை உண்டு. போன மாதம் இரண்டு பேரும் எனக்குச் சூப் செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எல்லா மேஜையும் இப்படி என்று நினைத்துவிடாதே. முதலில் நான் போன வேறொரு இடத்தில் ஒருத்தன் தன் பாத்திரத்தை வைத்து என் பாத்திரத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்றால் “கதைதானே” என்பான். கதைதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் உடம்பு. எழுந்து வந்துவிட்டேன். இப்போதைய மேஜையின் நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை இருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் கொண்டுவந்த வழக்கம் அது. பிடிக்காதது வந்தால் யாரும் அதைத் தொடலாம். ஏன் என்று கேட்காமல் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவோம். முதல் சந்திப்பிலேயே காதல் எதுவரை வரலாம், எது வரவே கூடாது என்று பேசி முடித்துவிடுகிறார்கள். மேஜைக்கு வயது வித்தியாசம், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் வர வேண்டுமென்றால் இது இல்லாமல் நடக்காது என்பது என் தீர்மானமான எண்ணம்.

நான் யார் என்று கேட்பாய். எழுபது வயதுப் படகோட்டிக் கிழவர். கிழவராகப் பேசும்போது யாராவது குறுக்கிட்டால் கையை உயர்த்தி, “இரு, முடிச்சிடுறேன்” என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் எனக்கு அது வந்ததே இல்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. எனக்கு ஆணாக ஆசையில்லை அக்கா. ஆனால் அந்தக் கிழவருக்குக் கேட்காமலே கிடைக்கிற இடம் எது என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன்.

நடைதான் இன்னும் கைவரவில்லை. உட்கார்ந்தபடி ஆடுகிற ஆட்டம்தான், ஆனாலும் மனசுக்குள் அவர் நடந்தால்தான் பேச்சு வருகிறது. மாமாவுக்குப் பழக்கமான கூத்து வாத்தியாரிடம் ஒன்று கேட்டு எழுதச் சொல்: அவர் குழுவில் பாஞ்சாலி வேஷம் கட்டுபவருக்குப் புடவை கட்டிய பிறகு நடை மாறுமா, அரிதாரம் பூசும்போதே மாறிவிடுமா? வேஷத்தைக் கலைத்த பிறகு பழைய நடைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் மேஜையில் எல்லாருமே பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

உன் சின்னவளுக்கு ஒரு பகடை செட் அனுப்புகிறேன். இருபது முகப் பகடையை அவளே வைத்துக்கொள்ளட்டும், அண்ணன் பிடுங்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் தங்கை