சனிக்கிழமை போட்

அன்புள்ள ஐயாவுக்கு அம்மா எழுதுவது,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. ஆபீஸில் வேலை இருக்கும், சரி. அதனால்தான் எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

ஆபீஸ் பையன்களோடு சனிக்கிழமை ஆலப்புழையில் ஹவுஸ்போட் எடுத்திருக்கிறாய் என்று தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானம் பன்னிரண்டுக்கு ஏறி, ராத்திரி தங்கி, ஞாயிறு காலையில் இறங்குவதாம். போகாதே என்று நான் சொல்லவில்லை. நேரத்தை மாற்று என்கிறேன். இது ஐப்பசி. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை எப்படி வரும் என்று இத்தனை வருஷம் கொச்சியில் இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், இரண்டு மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுக்கும், சாயங்காலம் இடியும் மின்னலுமாகக் கொட்டும். ஆனி ஆடியில் வருகிற மழை மாதிரி இல்லை. பன்னிரண்டுக்குக் கிளம்பினால் சரியாக அந்த நேரத்துக்கு வேம்பநாட்டுக் காயல் நடுவில் இருப்பீர்கள். அங்கே காற்றை மறிக்க ஒன்றும் கிடையாது, இரண்டு மாடி போட் என்றால் பக்கவாட்டில் தள்ளிவிடும். எப்படியும் ஐந்து, ஐந்தரைக்கு வலை போடுகிற நேரம் என்று கரையில் கட்டிவிடுவார்கள். அப்புறம் என்ன பார்க்கப் போகிறீர்கள்? காலை எட்டு மணிக்கே எடுக்கச் சொல், ஒரு மணிக்குள் இறங்கிவிடு. பெரிய காயலுக்குப் போகவே வேண்டாம். கைநகரி, நெடுமுடிப் பக்கம் சின்ன வாய்க்காலிலேயே போகட்டும், வீடும் வயலும் பார்க்க அதுதான் அழகும்கூட.

இன்னொன்று. ஆலப்புழையில் மழை இல்லையே என்று இருந்துவிடாதே. குற்றாலத்தில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? கீழே வெயில் அடிக்கும்போதே மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்து எல்லோரையும் விரட்டுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய். நம் மலையின் இந்தப் பக்கம் பெய்தால் சிற்றாறு. அந்தப் பக்கம் பெய்தால் அச்சன்கோவில் ஆறு, அது வீயபுரத்தில் பம்பையோடு சேர்ந்து குட்டநாட்டுக்குத்தான் வருகிறது. இங்கே செங்கோட்டையில் வாசலில் நின்று நான் பார்க்கிற மேகம்தான் நீ போகிற போட்டுக்கு அடியில் தண்ணீராக ஏறும். குட்டநாடு கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற பூமி, ஏறினால் சட்டென்று வடியாது. ஏறிவிட்டால் பெரிய போட்டெல்லாம் பாலத்துக்கு அடியில் நுழையவும் முடியாது. அதனால் அந்த ஆறு வருகிற பத்தனம்திட்டை மாவட்டத்துக்கு வானிலைக்காரர்கள் மழை எச்சரிக்கையில் என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்று பார். மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 115.5 மில்லிமீட்டர் வரைக்கும், ஆரஞ்சு என்றால் 204.4 வரைக்கும் எதிர்பார்க்கிறார்கள். ஆரஞ்சு என்றால் அடுத்த வாரத்துக்கு மாற்று. கொடுத்த பணம் போனால் போகட்டும்.

2009 செப்டம்பர் 30 தேக்கடியில் 45 பேர் போனது மழையாலோ காற்றாலோ இல்லை. எல்லோரும் மிருகத்தைப் பார்க்க ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள், மேலே கனம், போட் கவிழ்ந்தது. 2023 மே மாதம் தானூரில் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் போய் 22 பேர், அதில் குழந்தைகளே நிறைய. ஏறினதும் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்காதே, போட்டுக்கொண்டே ஏறு. போட்டோ எடுக்க மாடியில் கூட்டமாகப் போய் நிற்காதீர்கள், இடி இடிக்கும்போது மாடியே வேண்டாம். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிற பலகையைப் பார். போட் ஓட்டுகிற ஸ்ராங்க் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பணம் கொடுத்திருக்கிறோம் என்று அவரோடு மல்லுக்கு நிற்காதே. காலையிலேயே போ, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதையெல்லாம் என்னைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் சங்கனாச்சேரியில் இருக்கிற உன் மாமனார். அவர் பிறந்ததே அந்தத் தண்ணீருக்கு நடுவில். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டு ஜனங்கள் சங்கனாச்சேரிக்கு வந்து முகாமில் கிடந்தபோது நீ லீவு போட்டுவிட்டு அவரோடு சேர்ந்து அரிசி மூட்டை சுமந்தாய். அதைக் கேட்டு நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் பாஷையைப் பேசக் கற்று, எழுதவும் கற்று, 'எங்கள் மோன்', எங்கள் மகன் என்று அந்த வீட்டு அம்மா சொல்கிற அளவுக்கு இருந்தவன் நீ. அந்தப் பிள்ளை இப்போது ஆபீஸ் பையன்களோடு போட்டில் போகிறான், அவர் வீட்டுக்கு ஒரு போன் போடவில்லை.

புதன்கிழமை நானே அவருக்குப் பேசினேன். தண்ணீர் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன், அவரும் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் சொன்னார், காலையில் என்றால் பயமில்லை என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் உன் பாப்பா குரல் கேட்டது. பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் கொச்சியில் இருக்க வேண்டிய பிள்ளை அங்கே எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பாப்பாவின் அம்மா போனுக்கு வரவில்லை. உன்னிடமும் நான் கேட்கப் போவதில்லை, சொல்கிற அன்றைக்குச் சொல். ஆனால் நான் ஒன்றும் அறியாதவள் என்று நினைத்துக்கொண்டு தீபாவளிக்கு 'எல்லோரும் வருகிறோம் அம்மா' என்று சொல்லாதே. எனக்கு அது பொறுக்காது.

ஒரு மணிக்கு இறங்கினால் ராத்திரி தங்கலும் வேண்டாம். பையன்களை ரயிலேற்றிவிடு. ஆலப்புழையிலிருந்து சங்கனாச்சேரிக்கு நேர் ரோட்டில் 30 கிலோமீட்டர்கூட இல்லை, மழை பிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். வெறுங்கையோடு போகாதே. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்து சாப்பிடு, பாப்பா பேசிக்கொள்வாள்.

இன்று ராத்திரியே அவருக்குப் போன் பண்ணு. நெடுமுடியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேள். வேறு ஒன்றும் கேட்க வேண்டாம், அதை மட்டும் கேள்.

அம்மா