சும்மா நிற்கிறதாம் பிளாட்டினம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழின் அறிவியல் பக்கத்தில் மெத்தனாலில் ஓடும் எரிபொருள் மின்கலம் பற்றிப் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி: ‘வினையூக்கியான பிளாட்டினம் வினையில் பங்கேற்பதில்லை, பக்கத்தில் இருந்து வேகப்படுத்துவதோடு சரி.’ காபியோடு படிக்க உட்கார்ந்தவன், காபியை ஆறவிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உலோகப் பரப்பின்மேல் வினைகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்த கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்களே, சும்மா நிற்கிற பொருளை ஆராய்ந்ததற்கா? உங்களுக்குத் தெரியாததில்லை. தன்மேல் வந்து ஒட்டும் மெத்தனாலிடமிருந்து பிளாட்டினம் ஹைட்ரஜனை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது. மெத்தனாலில் இருக்கும் நாலு ஹைட்ரஜனும் போனபின் மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. அது லேசில் எழுந்து போகாது, அடுத்து வருகிற மெத்தனாலுக்கு இடமும் விடாது. கூடவே ருத்தேனியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பதே, தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக் கொடுத்து அந்தக் கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக்கித் துரத்தத்தான். இதில் யார் பக்கத்தில் நிற்கிறார்கள்?

நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சி மாணவனாக ஐந்து வருஷம், விரல்நகம் அளவு செப்புப் படிகம் ஒன்றோடு குடும்பம் நடத்தியவன். வெற்றிடக் கலத்துக்கு அலுமினியத் தாள் சுற்றி இரண்டு நாள் சூடேற்றி, கடைசியில் எங்கோ ஒரு மூட்டில் காற்றை அடைக்கும் கேஸ்கெட் கசிந்து, மறுபடி முதலிலிருந்து. சுத்தமான செம்பின்மேல் மெத்தனாலை விட்டால் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். அதே செம்பில் முதலில் கொஞ்சம் ஆக்சிஜனைப் படியவிட்டால், ஒரு ஹைட்ரஜனை மட்டும் இழந்து மெத்தாக்ஸியாக ஒட்டிக்கொண்டு, 370 கெல்வின் வாக்கில், அதாவது தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்குச் சற்றுக் கீழே, ஃபார்மால்டிஹைடாகக் கிளம்பும். வாக்ஸ், மேடிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-லேயே எழுதிவைத்ததுதான், என் கண்டுபிடிப்பு இல்லை. ஆனாலும் ஃபார்மால்டிஹைட் கிளம்புவதைக் காட்டும் வரைபட மேடு முதல்முறை என் திரையில் எழும்பியபோது ராத்திரி இரண்டு மணி, சொல்ல ஆளில்லாமல் காவலாளி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். “நல்லது தம்பி, போய்த் தூங்குங்க” என்றார். செம்புக்குப் பதில் நிக்கல் வைத்தால் ஃபார்மால்டிஹைடில் நிற்காது, கார்பன் மோனாக்சைடு வரை உரித்துவிடும். மெத்தனால் ஒன்றுதான், உலோகம் மாறினால் கிடைப்பதும் மாறுகிறது.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை, கார்பன் மோனாக்சைடு ஒட்டி வேலை நின்றுபோகும் வினையூக்கியை ‘நச்சு வினையூக்கி’ என்று எழுதினீர்கள், நஞ்சேறியது வினையூக்கிக்கு, அதுவே நஞ்சில்லை. அதைப் படித்துவிட்டு எங்கள் அம்மா போன் போட்டு, “ஏன்டா, நீ விஷத்துலயா வேலை பாக்குற?” என்று அழுதாள். அப்புறம் 2024-ல், கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்தபோது, மெத்தனாலை ‘தரம் குறைந்த எத்தனால்’ என்றீர்கள். கல்லீரலில் அது ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகித்தான் கண்ணைப் பறிக்கிறது, எத்தனாலுக்கு அந்த வழியே இல்லை என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். வெளியிடவில்லை, பரவாயில்லை. அந்த வாரம் வாசகர் பக்கம் முழுக்க அட்டைப்படத்துக்குப் பாராட்டு.

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு வரி போடுங்கள்: ‘வினையூக்கி வினையில் பங்கேற்கும், முடிவில் பழைய நிலைக்குத் திரும்பும்.’ இடம் இல்லையென்றால், வேதியியல் என்றாலே நீங்கள் போடும் அந்தப் பச்சை நிறத் தண்ணீர் குடுவைப் படத்தை எடுத்துவிட்டுப் போடலாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்